பறிக்க வேண்டாத பூ, உரிக்க வேண்டாத மரம்

மகிழ மரத்தில் ஏறிப் பூப்பறிக்கிறவர்களை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது. அதற்குத் தேவையே இல்லை. இரவெல்லாம் மணத்த பூ விடியற்காலையில் தானாகக் கீழே விழுந்துவிடும். கூட்டிப் பெருக்கிய மண்தரை இருந்தால் போதும், குனிந்து பொறுக்கிக்கொள்ளலாம். எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மா சித்திரை மாதத்தில் தினமும் பொழுது புலரும் நேரத்துக்கு வந்துவிடுவார். "அண்ணே, சாமிக்கு ரெண்டு பூ பொறுக்கிக்கட்டுமா?" என்று வாசலில் நின்றபடி கேட்பார். கேட்க வேண்டியதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

விழுந்த பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரை அங்குலம் இருக்கும். பழுப்புச் சாயல் ஓடிய வெள்ளை, நட்சத்திர வடிவம். நடுவில் ஒரு துளை. ஊசி வேண்டாம், முடிச்சும் வேண்டாம். ஈர வாழைநாரை அந்தத் துளைக்குள் ஓட்டிக் கொண்டே போனால் சரம் ஆகிவிடும். மல்லிகையை மறுநாள் குப்பைக் கூடையில் போட வேண்டும். மகிழம்பூ காய்ந்து சருகான பிறகும் நாள்கணக்கில் மணக்கும்.

அந்தத் துளை எப்படி வந்தது என்பதில்தான் இந்த மரத்தின் அருமை இருக்கிறது. கீழே விழுவது முழுப் பூ அல்ல. இதழ் வட்டமும் அதில் ஒட்டியுள்ள மகரந்தத் தாள்களும் மட்டுமே கழன்று விழுகின்றன. சூலகமும் அதைத் தாங்கும் புல்லிவட்டமும் கிளையிலேயே தங்கிவிடுகின்றன. இதழுக்குள் சூலகம் நின்ற இடம்தான் நாம் நார் கோக்கும் துளை. கிளையில் தங்கிய சூலகம் பிறகு காயாகிப் பழுக்கும். மாம்பூவைப் பறித்தால் மாங்காய் கிடைக்காது. முருங்கைப் பூவைப் பறித்தால் காய் குறையும். மகிழம்பூவை எவ்வளவு பொறுக்கினாலும் ஒரு பழம்கூடக் குறையாது. சாமிக்குப் பூ, குழந்தைக்குப் பழம், குயிலுக்கும் பழம். ஒருவர் பங்கை இன்னொருவர் எடுப்பதில்லை.

வீட்டுத் தோட்டத்தில் வருஷம் முழுவதும் பச்சையாக நிற்கிற, கண்ணுக்கு அழகான, பழமும் தருகிற மரம் ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் மகிழத்தைச் சொல்வது இதனால்தான்.

பட்டைக் கிடங்கில் கற்றது

நான் கலவைக்காரன். ஆற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் சிறு பேரூர் இது. 1907 பிப்ரவரியில் காஞ்சி மடத்தின் 68ஆம் பீடாதிபதி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் துறவு ஏற்ற ஊர் என்பதால் வெளியூரில் பலருக்குப் பெயர் தெரியும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தோம். நெல், வேர்க்கடலை, கரும்பு என்று விவசாயம் பார்க்கும் ஊர்தான். ஆனாலும் பாலாற்றங்கரைத் தோல் கம்பெனிகளுக்கு பஸ் ஏறி வேலைக்குப் போனவர்கள் எங்கள் தெருக்களில் நிறைய உண்டு. அவர்களில் நானும் ஒருவன். பட்டைக் கிடங்கில் எடை போட்டுக் கணக்கு எழுதுவது என் வேலை.

கிடங்கில் அப்போது மூட்டை மூட்டையாக வந்தவை ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, கடுக்காய். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வளர்த்த வாட்டில் பட்டையும் வரும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் சாறும் வரும். சுண்ணாம்புக் குழியில் முடி நீக்கிய தோலைப் பட்டைத் தண்ணீர்க் குழியில் போட்டு, தண்ணீரின் காட்டத்தைப் படிப்படியாக ஏற்றி, வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். பிறகு கடுக்காய், அதற்குப் பிறகு எண்ணெய். இப்படிப் பதனிட்ட தோல்தான் வெளிநாட்டுச் சந்தையில் கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் வாங்கியது. குரோம் உப்பால் பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் சென்னையில் கொண்டுவந்தார். எழுபதுகளில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறிய பிறகு குரோம் டிரம் எங்கள் பகுதி முழுக்கப் பரவியது; பட்டைக் குழிகள் ஒவ்வொன்றாக வற்றின.

பட்டை என்ன செய்கிறது? அதிலுள்ள துவர்ப்புச் சத்து, தோலின் புரதத்தோடு போய் இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. பிணைந்த தோல் அழுகாது. இதே சத்து நம் வாயில் பட்டால் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். நாக்கு வறண்டு இழுக்கும். பாக்கைக் கடித்தால் வருகிற அந்த உணர்வும், குழியில் தோல் பதமாவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். மகிழம் பட்டையிலும் இந்தத் துவர்ப்பு உண்டு. அதனால்தான் சித்த வைத்தியர்கள் ஈறு தளர்ந்தவர்களுக்கு மகிழம்பட்டைக் கஷாயத்தால் வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். இளங்குச்சியை மென்று பல் துலக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பட்டைக்கு ஒரு விலை உண்டு. இலையில் தயாராகிற உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்பக்கம் வழியாகத்தான். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டால் உணவு அங்கேயே நின்றுவிடும். வேர் பட்டினி கிடக்கும்; மேலே இலை சில காலம் பச்சையாகவே தெரிந்தாலும் மரம் செத்துக்கொண்டிருக்கும். ஆவாரம் செடியை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். வளர்ந்த மரத்துக்கு அந்த வசதி குறைவு. வாழ்நாள் முழுக்கப் பட்டை எடை போட்டவன் நான். உரிக்காமலே கொடுக்கிற மரம் ஒன்றைச் சொந்த வாசலில் வைத்து வளர்க்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கிடங்கில்தான் எனக்குள் விழுந்தது.

ஏன் மகிழம்?

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பசுமை வேண்டும் என்று நடுகிற மரங்களைப் பாருங்கள். ஊசியாக மேலே போகும் நெட்டிலிங்கம் அழகுதான். ஆனால் நிழல் விழாது. சீக்கிரம் வேலியாகிறது என்று ஊரெங்கும் நட்ட கோனோகார்பஸ் மூச்சுத் தொல்லை தருகிறது, நிலத்தடிக் குழாய்களுக்குள் வேர் விடுகிறது என்ற புகார்கள் எழுந்து, அதை நடக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025இல் ஆணையிட்டது. குல்மோகர் கோடையில் தீப்பிடித்தாற்போல் பூக்கும். ஆனால் வேர் மேலாகவே ஓடும், கிளை முறியும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையில் கரையேறிய வர்தா புயல் அன்றிரவே எங்கள் மாவட்டத்தின் மேலும் கடந்து போனது. அப்போது சாய்ந்தவற்றில் வெளிநாட்டு அலங்கார மரங்கள் எத்தனை என்பதைத் தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

மகிழம் நம் நிலத்து மரம். மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளிலும் அந்தமானிலும் தானாக வளர்கிறது. இலங்கை, மியான்மர், மலேசியாவும் அதன் சொந்த நிலங்கள்தான். காட்டில் நூறடி உயரம் எட்டுகிற மரம், வீட்டுத் தோட்டத்தில் முப்பது நாற்பது அடியோடு நின்று உருண்டை முடியாகக் கவிழ்ந்துகொள்ளும். சப்போட்டா, இலுப்பை, பாலை எல்லாம் அதன் குடும்பம். இலைக் காம்பைக் கிள்ளினால் வடிகிற பால் அந்த உறவைக் காட்டிக்கொடுக்கும். இலை தடிமன், பளபளப்பு, ஓரத்தில் மெல்லிய அலை.

பசுமை மாறாத மரம் என்றால் இலையே உதிராது என்று பலர் நினைக்கிறார்கள். உதிரும். ஆனால் எல்லா இலையும் ஒரே நேரத்தில் உதிராது. பழைய இலை பழுத்து விழுமுன்பே நுனியில் வெளிர்பச்சைக் கொழுந்து வந்திருக்கும். மாசி பங்குனியில் வேம்பு இலை கொட்டி மொட்டையாக நிற்கும்போதும் மகிழத்தின் அடியில் நிழல் குறைவதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 43, 44 டிகிரி தொடுகிற எங்கள் பகுதிக்கு இந்த நிழல் சாதாரண விஷயமில்லை. மதியம் எங்கள் வீட்டுக் கயிற்றுக்கட்டில் வீட்டுக்குள் இருக்காது, மகிழத்தடியில்தான் கிடக்கும்.

ஒரே குறை, மெதுவாக வளரும். என் பெயர்த்தி பிறந்த வருஷம் கன்று வைத்தேன். அவள் மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் முதல் பூ கிடைத்தது. அவசரப்படுகிறவர்களுக்கு இது பெரிய குறை. எனக்கு அது அந்த மரத்தின் பலமாகவே தெரிகிறது. மெல்ல வளர்வதால் கட்டை வைரம் பாய்ந்து கனக்கிறது, கிளை சட்டென்று முறிவதில்லை. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் நிற்கும்.

விதையிலிருந்து கன்று

பழுத்து விழுந்த பழத்திலிருந்து எடுத்த புது விதைதான் வேண்டும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த விதைக்கு முளைப்புத் திறன் வேகமாகக் குறைந்துவிடும். சதையை நன்றாகக் கழுவி எடுங்கள். ஒட்டிய சதையில் எறும்பும் பூஞ்சையும் சேரும். பழத்துக்குள் பெரும்பாலும் ஒரே விதை, பழுப்பு நிறத்தில் தட்டையாக மின்னும். அதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சமமாகக் கலந்த பையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். ஓட்டின் கடினத்தால் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். சில விதை இரண்டு மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. பாதி நிழலில் வைக்க வேண்டும். வளர்ந்த மகிழத்தடியில் மழைக்காலத்தில் தானாக முளைத்த கன்றுகளும் கிடைக்கும். நான்கு இலை விட்ட சமயத்தில் வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்துப் பையில் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்கள் வனத்துறை நாற்றங்காலில் விசாரியுங்கள். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்குப் பிறகு, நம் மண்ணின் மரக்கன்றுகளுக்கு நாற்றங்கால்களில் மதிப்பு கூடியிருக்கிறது. இரண்டு அடிக்கு மேல் வளர்ந்த, நுனி ஒடியாத, பையின் அடியில் வேர் சுருண்டு இறுகாத கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

குழியும் இடமும்

எங்கள் பகுதிக்கு மழை இரண்டு பருவத்திலும் வரும். தென்மேற்கில் மாலை இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை. ஆடியில் குழி எடுத்து ஆறப் போட்டு, ஆவணி புரட்டாசியில் நட்டுவிட்டால் அடைமழைக்குள் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் நடுவது கன்றுக்குச் சோதனை.

குழி நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு அடி. தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக, அடிமண்ணைத் தனியாகக் கொட்டுங்கள். மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய எருவும் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து முதலில் போட வேண்டும். செம்மண் நிலத்தில் கரையான் வராமலிருக்க வேப்பம் புண்ணாக்கு உதவும். களிமண் நிலமாக இருந்தால் ஆற்றுமணலோ பொடிச் சரளையோ சேர்த்துத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். தேங்கிய தண்ணீர் இளம் வேரை அழுக்கிவிடும்.

வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி நட வேண்டும். மேலே மின்கம்பி போகக்கூடாது. கழிவுநீர்த் தொட்டியின் பக்கத்திலும் வேண்டாம். தெற்கு அல்லது மேற்குப் பக்கம் இடமிருந்தால் அங்கே வையுங்கள். பிற்பகல் வெயிலை மரம் வாங்கிக்கொள்ளும், சுவர் சுடாது. படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே அமைந்துவிட்டால் இன்னும் நல்லது, இரவெல்லாம் வாசனை உள்ளே வரும்.

முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். கன்றின் தென்மேற்குப் பக்கம் தென்னங்கீற்று சாய்த்து வையுங்கள். ஆட்டுக்கு மகிழக்கொழுந்து பிடிக்கும், முள்வேலி கட்டாயம். மூன்றாம் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை நனைத்தால் போதும். அதற்குப் பிறகு நல்ல மண்ணில் நிற்கிற மரம் மழையை நம்பியே பிழைத்துக்கொள்ளும்.

உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்து வாசகர்கள் கேட்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "எங்க போர் தண்ணியில இது வருமா?" பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பும், பதனிடுகிற ரசாயனமும் கழிவுநீரோடு கலந்து பாலாற்றுப் படுகையில் எத்தனையோ கிணறுகளைக் கெடுத்துவிட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டப் பாடங்களிலெல்லாம் எங்கள் பாலாறு வருகிறது. அந்த வழக்கு பிறந்த மண்ணில் மரம் வளர்க்கிறவர்களுக்கு உப்பு ஒரு தினசரிக் கவலை.

மகிழம் கடலோரத்திலும் வளர்கிற மரம், உப்புக் காற்றைத் தாங்கும், ஓரளவு உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இளங்கன்றுக்கு அந்தப் பொறுமை குறைவு. இலை நுனி கருகி உள்நோக்கி வந்தால் உப்பு ஏறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அப்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள். தெளித்த தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். இடைவெளி விட்டு ஒரே தடவையாக நிறைய விட்டால் உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மரத்தைச் சுற்றி அதன் சருகையே நாலு விரல் கனத்துக்குப் பரப்பி மூடினால் ஈரம் காக்கும். ஐப்பசி மழையில் மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வைத்து மரத்தின் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். வருஷம் முழுக்க மண்ணில் சேர்ந்த உப்பை அந்த ஒரு மாத மழை கழுவிவிடும். என் கிணற்றுத் தண்ணீரும் சற்று உவர்ப்புதான். மாடித் தண்ணீரைத் திருப்பிய பிறகு வந்த கொழுந்தின் நிறத்தையே கண்ணால் வேறுபடுத்திப் பார்த்தேன்.

கம்பளிப்பூச்சியும் கத்தரியும்

மகிழத்துக்கு நோய் அதிகமில்லை. ஒரு பகை உண்டு, மயிர் அடர்ந்த பழுப்புக் கம்பளிப்பூச்சி. சப்போட்டாவையும் இது விடாது. இரவில் மேலேறி இலையைத் தின்னும், பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டையின் நிறத்திலேயே இருப்பதால் கை வைக்கும்வரை தெரியாது. பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். கூட்டமாகக் கிடப்பதே நமக்கு வசதி. நீளக் கழியில் கோணிச்சாக்கு சுற்றி அழுத்தித் தேய்த்தால் ஒரே தடவையில் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். குறைவாக இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலை அடிமரத்தில் தெளித்தால் போதும். கொஞ்சம் இலை போனால் மரம் சாகாது. அடுத்த மழைக்குப் புதிதாகத் தழைத்துவிடும்.

வெட்டைத் தாங்கும் மரம் இது. முதல் சில வருஷம் ஒரே தண்டாக விட்டு, ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கிற பக்கக்கிளைகளை வருஷத்துக்கு ஒன்றிரண்டாக எடுத்தால் நிமிர்ந்து வளரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழித்தால் தண்டு மெலிந்துபோகும். வைத்தியத்துக்குப் பட்டை கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பது இப்படிக் கழித்த கிளைகளின் பட்டையைத்தான். அடிமரத்தில் கத்தி வைக்க விடுவதில்லை. பட்டை வேண்டுமென்றால் கிளை கழிக்கும் மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறேன். காத்திருக்கிறார்கள்.

பழம்

காய் பச்சையாக, ஓர் அங்குல நீளத்தில், இருபக்கமும் கூரிய முட்டை வடிவத்தில் இருக்கும். பிறகு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவக்கும். மஞ்சளில் கடித்தால் துவர்ப்பும் பாலும் உதட்டை இழுத்துவிடும். நன்றாகச் சிவந்து, லேசாகத் தொட்டதும் கையோடு வருகிற பழத்தைத்தான் தின்ன வேண்டும். தோலை உரித்தால் உள்ளே மஞ்சள் சதை. சாறு கிடையாது. பெயர்த்தி முதல்முறை தின்றுவிட்டு, "தாத்தா, வாய்ல மாவு மாதிரி ஒட்டுது, ஆனா இனிக்குது" என்றாள். அதைவிடச் சரியாக நான் சொல்லத் தெரியவில்லை. பின்நாக்கில் மெல்லிய துவர்ப்பு தங்கும். கிடங்கில் மூட்டை மூட்டையாக நான் நிறுத்த அதே துவர்ப்பு இங்கே இனிப்போடு கலந்து வருகிறது.

சந்தைக்குப் போகிற பழமல்ல இது. வீட்டுக்கு வருகிற குழந்தைகளுக்கும் பறவைகளுக்கும்தான். ஆனி ஆடியில் எங்கள் மரத்தில் முதலில் கேட்பது குயிலின் குரல். மைனா, கொண்டைக்குருவி, அணில் பகலில் வரும். பொழுது சாய்ந்தால் பழந்தின்னி வௌவால். தின்றுவிட்டு விதையை எங்கெங்கோ போடுகின்றன. எதிர்வீட்டு மதிலோரத்தில் போன மழைக்கு ஒரு கன்று முளைத்ததும் அந்த வீட்டு அம்மா பிடுங்காமல் விட்டுவைத்துக் கூப்பிட்டுக் காட்டினார். இரும்புக் கம்பி வைத்து ஒரு கூண்டு செய்து கொடுத்தேன்.

சமையலறையிலும் இந்த மரத்தின் பெயர் இருக்கிறது. அரிசிமாவும் பயத்தம்பருப்பும் சேர்த்துப் பிழிகிற மகிழம்பூ முறுக்கில் பூவே கிடையாது. பிழிந்து வரும் முள் விளிம்புதான் பூவை நினைவுபடுத்தும். பூவைக் காணாத பிள்ளைகள் முறுக்கை மட்டும் அறிந்து வளர்வது எனக்கு வருத்தம் தரும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும்.

சாட்சியாக நின்ற மரம்

ஆரணி, போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் அருணாசலேசுவரர் கோயிலின் தலமரத்தைக் கும்பிட்டு வருவார்கள். அது மகிழம். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் அதில் தொட்டில் கட்டுகிறார்கள். திருவொற்றியூரிலும் மகிழமே. சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மரத்தடியில். கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது மட்டும் இறைவன் மகிழத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே வேண்டிக்கொள்ள, இறைவனோ மகிழத்தடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியார் தரப்புக்குச் சொல்லிவிட்டார் என்கிறது பெரிய புராணம். அந்த நிகழ்ச்சியை மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் நடத்துகிறார்கள். நம்மாழ்வாருக்கு மகிழம்பூ மாலை. அதனால் அவர் வகுளாபரணர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் வகுளமும் ஒன்று.

நாகப்பட்டினத்துக்கு அருகில் திருக்கண்ணங்குடியில், உறங்காப் புளி, ஊறாக் கிணறு, தீரா வழக்கு என்பவற்றோடு காயா மகிழ் என்றும் சொல்வார்கள். திருமங்கையாழ்வார் கதையோடு சேர்ந்த, காய்க்காத மகிழம் அது. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "வீட்டில் நட்டால் காய்க்குமா?" என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. அது அந்த ஊர்க் கதை. நம் வீட்டு மகிழம் காய்க்கும், வருஷங்கள் ஆகும், அவ்வளவுதான். தாய்லாந்திலும் இந்த மரத்தின்மீது பிரியம் அதிகம். பேசும்போது வாயிலிருந்து தங்க மகிழம்பூ உதிர்கிற இளவரசியின் கதையை அங்கே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். இனிய சொல்லுக்கு உதிர்கிற பூவை உவமையாக்க அந்த நாட்டு மக்களுக்கும் தோன்றியிருக்கிறது.

இந்த ஆடிக்கு

கலவையிலும் ஆற்காட்டுச் சாலையிலும் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. கல் நட்டு, தார் போட்டு, கம்பம் நாட்டி முடித்தபின் கடைசியில்தான் மரத்தின் நினைவு வருகிறது. அப்போது இரண்டு வருஷத்தில் உயரமாக வேண்டும் என்று எதையாவது வைத்துவிடுகிறார்கள். அஸ்திவாரம் போடுகிற அன்றைக்கே மனையின் ஒரு மூலையில் மகிழம் வைத்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வீட்டுக் கடன் பாதி கட்டி முடிப்பதற்குள் மரம் பூத்துவிடும். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் பள்ளிக்கூட வளாகம், ஏரிக்கரை, கோயில் நந்தவனம் என்று பொது இடங்களில் அனுமதி கேட்டு வையுங்கள். இரண்டு கோடைக்குக் குடம் சுமக்க ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் போதும்.

எங்கள் பகுதி நூறு வருஷத்துக்கு மேல் மரத்திடமும் ஆற்றிடமும் எடுத்து வாழ்ந்தது. அந்தத் தொழிலில் நானும் சோறு தின்றேன், என் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அதை மறக்க மாட்டேன். எடுத்ததற்குப் பதிலாக நம்மால் முடிந்தது சிலவற்றைத் திருப்பி நடுவது. பூவைத் தானே உதிர்த்து, பழத்தைக் கிளையில் காத்து, வெட்டிய கிளைக்குப் பதில் புதுக்கிளை விடுகிற மகிழத்துக்கு நாம் கொடுக்க வேண்டியது இரண்டு அடிக் குழியும் சில வருஷப் பொறுமையும்தான். ஆடி பிறந்ததும் மண்வெட்டியை எடுங்கள். விதை வேண்டுமென்றால் கலவைக்கு வாருங்கள். என் மரத்தடியில் கேட்காமலே பொறுக்கிக்கொள்ளலாம்.